கண்ணாடிப் பெட்டிக்குள் மலையாண்டியின் செருப்பு

மனித குலத்தின் வரலாற்றை நெருப்பைக் கண்டுபிடிப்பதற்கு முன், பின் என்று பிரிப்பதைப்போல, இனிமேல் மாவட்ட நீரிழிவுக் கலைப் பேரவையின் முதல் கண்காட்சிக்கு முன், பின் என்றுதான் பிரிக்க வேண்டியிருக்கும். பேரவையின் அழைப்பிதழ் அப்படித்தான் தொடங்கியது. வழவழப்பான தாள், தங்க நிற எழுத்து, தலைவர் படம் பெரிதாக, கணையத்தின் படம் சிறிதாக. கண்காட்சி என்றைக்கு என்பது மட்டும் அச்சாகவில்லை. அதனால் இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு வாரம் முழுக்க, இராமநாதபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் வாசலுக்குத் தினமும் சிலர் வந்தார்கள். காத்திருந்தார்கள். வாட்ச்மேனிடம் தங்கள் சர்க்கரை அளவைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பேரவையில் சேர்வதற்குச் சர்க்கரை வியாதி இருந்தால் போதும். மதிப்போடு இருப்பதற்கு அது போதாது. மாத்திரை போடுகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி. உறுப்பு ஏதாவது பாதித்திருந்தால் முன்வரிசை. வியாதி வந்து ஆன வருடங்கள்தான் மூப்பு. மூத்த நோயாளியே தலைவர். அந்த வகையில் கூட்டுறவுத் துறையில் ஓய்வு பெற்ற வீரபத்திரன், ‘இருபத்திரண்டு வருடச் சர்க்கரை’ என்ற தகுதியில் தொடக்கம் முதலே தலைவராக இருந்து வந்தார். நடுவில் பரமக்குடிக்காரர் ஒருவர் தமக்கு இருபத்து மூன்று என்று சொல்லிப் பார்த்தார். வீரபத்திரன் அந்தக் கூட்டத்திலேயே எழுந்து, தாம் அடக்கத்தின் காரணமாக மூன்று வருடங்களைக் குறைத்துச் சொல்லி வந்ததாகவும், உண்மையில் இருபத்தைந்து என்றும் அறிவித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பரமக்குடிக்காரர் மறுபடி மாத்திரை நாற்காலிக்கே போய் உட்கார்ந்தார்.

தலைவர் எந்தக் கூட்டத்திலும் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. “பத்து வருசமா என் பாதத்துல உணர்ச்சி கிடையாது. தீ மிதிச்சாலும் எனக்குத் தெரியாது.” இதைக் கேட்டு ஊசி நாற்காலிக்காரர்களே பொறாமையில் பெருமூச்சு விடுவார்கள்.

‘நோயைக் கலையாக்குவோம், கலையைச் சரக்காக்குவோம்’ என்பது பேரவையின் கொள்கை. அதன்படி பல பொருட்கள் வெளிவந்தன. காபியைக் குடித்து முடித்தால் அடியில் ‘சர்க்கரை போடலையே?’ என்று கேட்கும் டம்ளர். எண்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு இடத்திலும் ‘நட’ என்று எழுதிய சுவர்க் கடிகாரம். அதில் மணி பார்க்க முடியாது, ஆனால் குற்ற உணர்ச்சி வரும். கீழக்கரை ஹமீது சுல்தான், இராமேஸ்வரத்தில் சங்கு, சிப்பிக் கடை வைத்திருப்பவர், சின்னச் சின்னச் சோழிகளை ஒட்டிக் கணைய வடிவில் சாவிக்கொத்து செய்தார். கணையம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாததால் வடநாட்டு யாத்திரிகர்கள் அதை ஆதிசேஷன் என்று நினைத்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பேரவை இதை ‘வடக்கிலும் விழிப்புணர்வு’ என்று ஆண்டறிக்கையில் போட்டுக்கொண்டது.

இந்த மகத்தான இயக்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் மலையாண்டி உச்சிப்புளிக்கு உள்ளே தள்ளியிருக்கும் தன் ஊரிலிருந்து மனைவி பஞ்சம்மாளோடு பஸ் ஏறினார். குண்டு மிளகாய் போடுகிற சம்சாரி. போன வருடம் வலது காலில் ஒரு விரலை மதுரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தவர். விரல் போன இடத்தில் புண் இப்போதுதான் காயத் தொடங்கியிருந்தது. கண்காட்சியில் மதுரையிலிருந்து வரும் கால் டாக்டர் இலவசமாகப் பார்ப்பார் என்று யாரோ சொன்னார்கள். அதற்காகத்தான் வந்தார்.

அவர் காலில் கிடந்தது அளவெடுத்துச் செய்த கறுப்பு ரப்பர் செருப்பு. அடி மெத்தென்று இருக்கும். படுக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் அது காலில் இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஊரிலேயே வீட்டுக்குள் செருப்போடு நடக்கிற ஒரே ஆள் மலையாண்டிதான். சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தபோது பஞ்சம்மாள், “சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க சாப்புடுங்க” என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள். வலது வார் ஒருமுறை அறுந்துபோனது. மலையாண்டி மிளகாய் மூட்டை தைக்கிற கோணி ஊசியாலும் சிவப்பு நூலாலும் தானே தைத்துக்கொண்டார்.

“செருப்பில்லாமக் காலைக் கீழ வச்சீக, அடுத்த வெரலையும் ஆசுபத்திரியிலயே குடுத்துட்டு அங்கனயே இருந்துக்கிருங்க” என்று பஸ்ஸில் பஞ்சம்மாள் சொன்னாள். இதை அவள் எல்லாப் பஸ்ஸிலும் சொல்வாள்.

மண்டப வாசலில் ‘பாதம் காப்போம்’ என்று பெரிய பேனர் தொங்கியது. அதன் கீழே ஒரு ஆள் உயரத்துக்குச் செருப்புகள் குவிந்து கிடந்தன. குவியலுக்குப் பக்கத்தில், மார்பில் ‘காலணி ஒழுங்குக் குழு அமைப்பாளர்’ என்ற பட்டையோடு மருதுபாண்டி நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, செருப்பை இங்கன கழட்டிட்டுப் போங்க.”

“இது சக்கரைச் செருப்புப்பா. கழட்டக் கூடாது.”

“உள்ள இருக்கிற அம்புட்டுப் பேருக்கும் சக்கரைதான். கழட்டலையா? குத்துவெளக்கு ஏத்துற எடம்ணே. மரியாதை வேணாமா?”

“என்ன விழாப்பா இது?”

மருதுபாண்டி தலைக்கு மேலே பேனரைக் காட்டினார்.

பஞ்சம்மாள் டாக்டர் டோக்கன் எங்கே தருகிறார்கள் என்று விசாரிக்க முன்னால் போயிருந்தாள். மலையாண்டி யோசித்தார். குவியலில் போட்டால் திரும்பக் கிடைக்காது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, துண்டைத் தரையில் விரித்து மிதித்து, மறுபடி எடுத்து விரித்து, குளத்தில் கல் தாண்டுகிறவர்போல உள்ளே போனார். கதவுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய ஸ்டூல் ஒன்று காலியாக நின்றது. மேலே ஒரு விளக்கு அதன்மீது மட்டும் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. ‘பரவாயில்ல, சக்கரைச் செருப்புக்குன்னு தனியா எடம் போட்டிருக்காக’ என்று அவர் மனம் குளிர்ந்தது. இரண்டையும் ஜோடியாக வைத்தார். வலதில் இருந்த மண்ணைத் தட்டினார். போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தார்.

அந்த ஸ்டூல் ஹமீது சுல்தானின் ‘கணையம்: ஒரு மௌன ஓலம்’ என்ற மாபெரும் சிப்பிச் சிற்பத்துக்காகப் போடப்பட்டது. ஹமீது சுல்தான் அந்த நேரத்தில் சிற்பத்தை மடியில் வைத்துக்கொண்டு பாம்பன் பாலத்துப் பஸ்ஸில் இருந்தார். “முன்னால லாரி ஒண்ணு குறுக்க நிக்கிது. இன்ஷா அல்லாஹ் சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன்” என்று போனில் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டவர் யாரிடமும் சொல்லவில்லை.

சிறப்பு விருந்தினர் ராமசுப்பிரமணியன், சென்னையில் கலைத் துறை அதிகாரி. மதியம் ஒரு மணிக்குப் பசியோடு வந்து சேர்ந்தார். ஆகவே முதலில் விருந்து. உறுப்பினர்களுக்குச் சர்க்கரை போடாத பாயசம், விருந்தினருக்குச் சர்க்கரை போட்ட பாயசம் என்று இரண்டு அண்டா. விருந்தினர் தனியாகச் சாப்பிடுவது பண்பாடு அல்ல என்பதால் தலைவர் அவரோடு உட்கார்ந்து அவருடைய பாயசத்தையே சாப்பிட்டார். “உங்களுக்கு ஆகுமா?” என்று விருந்தினர் கேட்டதற்கு, “விருந்தோம்பலுக்காக ஒரு நாள் உயிரைப் பணயம் வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் வாங்கிக்கொண்டார்.

பிறகு குத்துவிளக்கு. யாரும் தீப்பெட்டி கொண்டுவரவில்லை. விளக்கை அப்புறம் ஏற்றலாம் என்று முடிவாயிற்று. செருப்பை அப்புறம் கழற்றலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ராமசுப்பிரமணியன் கண்காட்சியைச் சுற்றி வந்தார். மகளிர் அணி பலகையில் பல்லாயிரம் குண்டூசிகளைக் குத்திச் செய்த ‘ஊசிக் கோலம்’ என்ற பெரிய படைப்பைப் பார்த்து “ம்” என்றார். டம்ளரைப் பார்த்து “ம்” என்றார். கதவுப் பக்க ஸ்டூலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். ஸ்டூல் துணியில் குத்தியிருந்த, ஹமீது சுல்தான் சிற்பத்தின் தலைப்பு அட்டையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

“முப்பது வருஷமாகக் கலையோடு வாழ்கிறேன்” என்று மைக்கில் தொடங்கினார். “இப்படி ஒரு படைப்பை நான் கண்டதில்லை. தலைப்பு, கணையம். ஆனால் இங்கே கணையம் எங்கே என்று ஒரு பாமரன் கேட்கலாம். கணையம் இல்லை! இல்லாமல் போனதுதான் படைப்பு! இந்தத் தேய்மானத்தைப் பாருங்கள். இதைச் செயற்கையாகக் கொண்டுவர இந்தக் கலைஞர் எத்தனை மாதம் உழைத்திருப்பார்! இந்தச் சிவப்பு நூல் ரத்தம். மிகையே இல்லாத ரத்தம். முதல் பரிசு!”

வீரபத்திரனுக்குச் சிப்பி எதுவும் கண்ணில் படவில்லைதான். ஆனால் சென்னையிலிருந்து வந்த மனிதர் பாராட்டிய பிறகு அதைச் செருப்பு என்று சொல்வது பேரவைக்கு அழகல்ல. “பேரவை வளர்த்த கலைஞர்” என்று அவரும் மைக்கில் சொன்னார்.

மலையாண்டி எழுந்தார். “அய்யா, அது என் செருப்பு.”

“கேட்டீர்களா?” என்று ராமசுப்பிரமணியன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “‘அது என் செருப்பு.’ தன் படைப்பைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒரு கலைஞன் பேசி நான் கேட்டதில்லை!”

மண்டபம் அதிர்ந்தது. நாலு பேர் மலையாண்டியை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். விரல் போனவர் என்று தெரிந்ததும் தலைவரே எழுந்து மெத்தை நாற்காலியைக் காட்டினார். பொன்னாடை போர்த்தினார்கள். நினைவுப் பரிசாகப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த ஒரு கால் கொடுத்தார்கள். அதில் ஐந்து விரலும் இருந்தன. மலையாண்டி அதைக் கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் செருப்பை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பக்கத்து இனிப்புக் கடையில் இரவல் வாங்கிய பெட்டி. உள்ளே ஒரு மூலையில் ‘ஜாங்கிரி’ என்ற சீட்டு ஒட்டியிருந்தது.

“அய்யா, பரிச நீங்களே வச்சுக்கங்க. செருப்பக் குடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்” என்றார் மலையாண்டி.

“பரிசு பெற்ற படைப்பு பேரவைச் சொத்து” என்றார் வீரபத்திரன் தாழ்ந்த குரலில். “நீங்க விண்ணப்பம் குடுக்கலாம். செயற்குழு தை மாசம் கூடுது.”

“தை வரைக்கும் நான் எதப் போட்டு நடக்க?”

“கலைஞன் தியாகம் செய்யணும். என்னப் பாருங்க. பத்து வருசமா என் பாதத்துல உணர்ச்சி கிடையாது. நான் வருத்தப்பட்டேனா?”

இதற்குள் மேடைக்கே வந்துவிட்ட பஞ்சம்மாள், கணவனின் வெறும் காலைப் பார்த்தாள். அவர் தோளிலிருந்த பொன்னாடையை உருவி, குனிந்து, வலது காலில் தடிமனாகச் சுற்றிக் கட்டினாள். நிமிர்ந்து தலைவரிடம் கை நீட்டினாள்.

“இன்னொண்ணு குடுங்கய்யா. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு காலு.”

பொன்னாடையைக் காலில் கட்டியதைக் கண்டு தலைவர் முகம் சிவந்தார். ராமசுப்பிரமணியனோ, “மரபை மறுக்கிறார்!” என்று பரவசத்தோடு தம் பொன்னாடையையே கழற்றிக் கொடுத்தார். இரண்டு காலும் தயார். டாக்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு, பிளாஸ்டர் காலை அக்குளில் இடுக்கியபடி மலையாண்டி மேடையை விட்டு இறங்கினார்.

பொன்னாடைச் சரிகைக்கும் மண்டபத்து மொசைக் தரைக்கும் ஒத்துவரவில்லை. மூன்றாவது அடியில் வழுக்கியது. விழாமலிருக்க அவர் எட்டிப் பிடித்தது ஊசிக் கோலத்தை. மலையாண்டி விழவில்லை. ஊசிக் கோலம் விழுந்தது.

பலகை தரையில் அறைந்ததும் பல்லாயிரம் குண்டூசிகள் மழைபோல நாலா பக்கமும் தெறித்து, சர்சர்ரென்று உருண்டு, மேடையடியிலிருந்து கதவு வரைக்கும் பரவி ஓய்ந்தன. மண்டபம் முழுக்கச் சர்க்கரைக்காரர்கள். ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. எல்லாச் செருப்பும் ‘பாதம் காப்போம்’ பேனருக்குக் கீழே, வெளியே. எழுந்து நின்றவர் நின்றபடியே நின்றார். காலைத் தூக்கியிருந்த ஒருவர் அதைக் கீழே வைக்கவில்லை. காலணி ஒழுங்குக் குழு அமைப்பாளர் மருதுபாண்டி உள்ளேதான் இருந்தார், நாற்காலிமேல் ஏறிக்கொண்டார். வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார்.

மலையாண்டியின் வலது காலில் பொன்னாடை அவிழ்ந்து நழுவியிருந்தது. காயத் தொடங்கிய புண்ணுக்கு நாலு பக்கமும் ஊசி மினுங்கியது.

“அசையாதீக!” என்று மேடையிலிருந்து பஞ்சம்மாள் அலறினாள். அவள் குரல் அப்படி நடுங்கி அவர் கேட்டதில்லை. “அய்யா, சாமி, அந்தப் பெட்டியத் தொறங்கய்யா!”

“விதி இருக்கும்மா...” என்றார் வீரபத்திரன்.

ராமசுப்பிரமணியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்குச் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டும். என் ஷூ வெளியே இருக்கிறது. யாராவது போய் எடுத்து வாருங்கள்.”

யாரும் நகரவில்லை. அப்போது பிளாஸ்டிக் நாற்காலிப் பக்கமிருந்து பரமக்குடிக்காரர் குரல் வந்தது. “நம்ம தலைவர் போலாமே! தீ மிதிச்சாக்கூடத் தெரியாதே அவருக்கு!”

“அதானே!” என்றார்கள் பலர். மேடைக்குக் கீழே ஓரமாக உட்கார்ந்திருந்த கால் டாக்டர் காலிதா உட்கார்ந்தபடியே, “உணர்ச்சி இல்லாதவங்கதான் போகவே கூடாது” என்று சொல்லிப் பார்த்தார். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. “தலைவர் வாழ்க” என்று மருதுபாண்டி நாற்காலிமேல் நின்று கோஷம் போட்டார்.

வீரபத்திரன் சிரித்தார். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். “பேரவைக்காக” என்றார். மேடையிலிருந்து வலது காலைத் தரையில் வைத்தார்.

“அய்யோ! அம்மா!”

அந்தக் குரல் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. தலைவர் ஒற்றைக் காலில் துள்ளி மேடையில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

மலையாண்டிதான் முதலில் பேசினார். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி.

“அய்யாவுக்கு உணர்ச்சி வந்துருச்சு! ஏத்தா பஞ்சு, பாத்தியா? பத்து வருசம் கழிச்சு வந்துருச்சு! எனக்கெல்லாம் ஆணி ஏறுனாக்கூடத் தெரியிறதில்ல. அய்யா குடுத்துவச்ச மனுசன்!”

“வந்துருச்சாக்கும்” என்றாள் பஞ்சம்மாள். “எப்பப் போச்சுன்னு கேளுங்க.” தலைவரிடம் திரும்பிக் கை நீட்டினாள். “சாவிய எடுங்கய்யா.”

வீரபத்திரன் விதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வலிக்கிற காலை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். பஞ்சம்மாள் பெட்டியைத் திறந்து செருப்பை எடுத்தாள். ‘ஜாங்கிரி’ சீட்டு இடது செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. மேடை விளிம்பில் மண்டியிட்டு, குண்டூசிகள் விலகும்படி ஒவ்வொன்றாகத் தரையில் தள்ளிவிட்டாள். மலையாண்டி பலகையைத் தாங்கியிருந்த சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் வலது காலையும் பிறகு இடது காலையும் நுழைத்தார்.

மண்டபத்திலேயே நடக்கத் தெம்பிருந்த ஒரே மனிதர் அவர்தான். செருப்பின் அடியில் ஊசி ஏறி நறநறக்க, வெளியே போய் விருந்தினரின் ஷூவையும் ஒரு விளக்குமாற்றையும் கொண்டுவந்தார். ராமசுப்பிரமணியன் ஷூவை மாட்டிக்கொண்டு, “கடைசி நிகழ்ச்சிதான் மிக அருமை, எல்லாருமே பங்கேற்றீர்கள்” என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். பஞ்சம்மாள் வழி கூட்டினாள்.

டாக்டர் காலிதா முதலில் மலையாண்டியின் காலைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புண்ணு நல்லாக் காயுது. புதுசா ஒண்ணும் குத்தல. செருப்பு மட்டும் கழட்டாதீங்க.”

“இனிமே யாரு சொன்னாலும் கழட்டமாட்டாருங்கம்மா” என்றாள் பஞ்சம்மாள். செருப்பின் அடியில் ஏறியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வெற்றாகக் கிடந்த பிளாஸ்டர் காலில் குத்தி வைத்தாள்.

அடுத்தது தலைவர். ஊசியை எடுத்ததும் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. “வந்ததே வந்துச்சு, சக்கரையும் பாத்துரலாம்” என்று டாக்டர் மீட்டரை எடுத்தார்.

“வேணாம்மா. நான் விருந்து சாப்பிட்டிருக்கேன். தாறுமாறா இருக்கும்.”

“சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சுல்ல? அதான் சரியான நேரம். சக்கரை இல்லாதவங்களுக்குத்தான் நூத்தி நாப்பதைத் தாண்டாது.”

நிகழ்ச்சி நிரலில் ‘தலைவர் தம் குருதி தந்து இலவசப் பரிசோதனை முகாமைத் தொடங்கி வைப்பார், அளவு மேடையில் அறிவிக்கப்படும்’ என்று இருந்தது. மருதுபாண்டி நாற்காலியிலிருந்து இறங்கி, கூட்டிய வழியாக வந்து, டாக்டர் தோளுக்கு மேலாக மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு மைக்கைத் தட்டினார்.

“தலைவருக்குச் சக்கரை நூத்தி நாலு.”

சாப்பிட்ட பிறகு. பாயசம் இரண்டு டம்ளர்.